இங்கன ஒரு பாபநாசம்

14

தந்தி கைக்கு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் சிவசண்முகம் வர்க்கலைக்குப் புறப்பட்டார்.

ஒரு வாரமா என்று உங்களில் பலருக்குக் கோபம் வரும். பெற்ற மகன் கடலோடு போய்விட்டான் என்று செய்தி வந்த பிறகும் ஒரு தகப்பன் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பாரா? இவர் உட்கார்ந்திருந்தார். தாராளமாகக் கோபப்படுங்கள். பிரம்மநாயகியும் அந்த வாரம் முழுக்க புருஷன்மேல் கோபமாகத்தான் இருந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

சொல்லிக்கொள்ள அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. குடும்பத்தோடு சங்கரன்கோவில் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் தந்தி வந்து கதவிடுக்கில் கிடந்தது. அதிலிருந்த நம்பருக்கு போன் போட்டால், தேவசிகாமணி என்று ஒரு டீக்கடைக்காரர் எடுத்தார். உடம்பை வைத்திருக்க முடியவில்லை, நாங்களே எரித்துவிட்டோம், அஸ்தி மட்டும் இருக்கிறது என்று அழுதார்.

"இனிப் போய் யாரைப் பாக்க?" என்றார் சிவசண்முகம். அதோடு நாற்காலியில் உட்கார்ந்தவர்தான்.

உள்ளே கிடந்த காரணம் வேறு. அது ஆடி அமாவாசையன்று விழுந்த காயம்.

குமரகுருபரன் ஒரே மகன். அப்பா நாலு பேர் காலைக் கையைப் பிடித்து வாங்கிக் கொடுத்த கூட்டுறவு வங்கி வேலையில் இருந்தான். கூட்டாளிகளோடு வர்க்கலைக்குச் சுற்றுலா போனான். அங்கே வெள்ளைக்காரர்கள் பலகைமேல் ஏறி நின்று அலையில் வழுக்கிக்கொண்டு வருவதைப் பார்த்தான். வேலையும் வேண்டாம், வீடும் வேண்டாம் என்று அங்கேயே இருந்துவிட்டான். "பலகை விளையாட்டுக்குப் போன பய" என்றுதான் சிவசண்முகம் அவனைச் சொல்வார்.

இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு இந்த ஆடியில், வண்ணார்பேட்டையில் லாரி ஆபீசில் டைப்பிஸ்டாக இருக்கிற அக்காள் சித்ரலேகாவுக்கு போன் செய்தான். அமாவாசையன்று அப்பாவைப் பாபநாசத்துக்கு வரச் சொல்லு, ஒரு விஷயம் பேச வேண்டும் என்றான்.

சிவசண்முகம் தாலுகா ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வரச் சொன்ன இடத்துக்கு, வரச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய் நிற்கிற மனிதர். மலையடிவாரத்துப் பாபநாசத்தில், கோயில் படித்துறையில், விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நின்றார். அன்றைக்கு முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட ஜில்லாவே அங்கே கூடியிருந்தது. தெரிந்தவர்கள் எல்லாம் "யாருக்காக நிக்கீய?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மகன் வரவில்லை. பிரம்மநாயகி அவனுக்கென்று கொடுத்துவிட்ட முந்திரிக்கொத்துப் பலகாரத்தை ஆற்று மீன்களுக்குப் போட்டுவிட்டு வீடு திரும்பினார்.

"ஊரு பாக்க என்னை நிக்க வச்சிட்டான். இனி இந்த வீட்டுல அவன் பேரை எடுக்கக் கூடாது."

எடுக்கவில்லை. அவனும் மறுபடி போன் செய்யவில்லை. ஐப்பசியில் தந்தி வந்தது.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிரம்மநாயகியின் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. அதற்குள் மஞ்சள் நனைத்துக் காயவைத்த புதுத் துண்டு. அது எதற்கு என்று சிவசண்முகத்துக்குத் தெரியும். நாகர்கோவில் தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்.

"அங்கனயே கடல்ல கரைச்சிட்டு சாயங்கால வண்டிக்குத் திரும்பிரணும். ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது."

பிரம்மநாயகி ஒரு வாரம் கழித்து முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அவன் நம்ம ஆத்துல நீந்திப் பழகின பிள்ள. நம்ம ஆத்துலதான் அவனைக் கரைக்கணும்."

"அந்த ஆத்தங்கரையிலதான் என்னை நிக்க வச்சான்."

"செத்துப்போன பிள்ளகிட்டயா இன்னும் கோவம்?"

சித்ரலேகா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து, கைக்குட்டையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அம்மா கேட்பது பெரிய விஷயமில்லை. மகன் ஊருக்குத் திரும்ப வேண்டும், சாம்பலாகவாவது. அப்பா அதைத்தான் மறுக்கிறார்.

வர்க்கலை ஸ்டேஷனில் இறங்கி வெளியே வந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் மூன்று பேரின் முகத்தையும் துணிப்பையையும் பார்த்தார். எங்கே என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"பாபநாசத்தேக்கல்லே? கேறிக்கோ."

சிவசண்முகம் ஆட்டோவில் வைத்த காலை எடுத்துவிட்டார்.

"என்னது?"

"பாபநாசம். பலி இடான் வந்ததல்லே?"

"பாபநாசம் எங்க ஊர்லல்லா இருக்கு?"

ஆட்டோக்காரருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். சிரித்துக்கொண்டே விளக்கினார். இந்த ஊர்க் கடற்கரைக்குப் பேரே பாபநாசம்தான். செத்தவர்களுக்குப் பலி போட எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். ஆடி அமாவாசைக்கு வந்தால் கால் வைக்க இடம் இருக்காது. நீங்கள் கேட்டதில்லையா?

அவர்கள் கேட்டதில்லை. திருநெல்வேலியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குப் பாபநாசம் என்றால் ஒரு கோயில், ஒரு ஆறு, பின்னால் மலை, அவ்வளவுதான். அதே பேரில் இன்னோர் இடம் இருக்குமா என்று நினைத்துப்பார்க்க அவர்களுக்கு ஒரு தேவையும் வந்ததில்லை.

ஆட்டோ போய்க்கொண்டிருந்தது. சிவசண்முகம் கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்தார். சித்ரலேகாவுக்கு ஆடியில் வந்த அந்த போன் ஞாபகம் வந்தது. லாரி ஆபீஸ் போனில் தம்பியின் குரல், வெளியே பஸ் இரைச்சல், கரகரவென்ற லைன். அவன் என்ன சொன்னான்?

'அப்பாவை இங்கன பாபநாசத்துக்கு வரச் சொல்லுக்கா.'

இங்கன. அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு அவள் காதில் விழத்தான் செய்தது. பிள்ளை பாபநாசம் வரை வந்துவிட்டான், அங்கே எங்கோ ஒரு கடையிலிருந்து பேசுகிறான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து "பாபநாசத்துக்கு வரச் சொல்லுதான்ப்பா" என்றாள். எங்கே நிற்பான் என்று அப்பா கேட்டதற்கு, "படித்துறையிலதான் நிப்பான், வேற எங்கன நிப்பான்" என்று சொன்னதும் அவள்தான்.

செம்மண் மேட்டின் விளிம்பில் ஆட்டோ நின்றது. கீழே கடல். மேட்டின்மேல் வரிசையாக ஓலைக்கடைகள். பூப்போட்ட லுங்கிகள் கொடியில் ஆடிக்கொண்டிருந்தன. யாருக்கும் எதற்கும் அவசரமில்லாத ஊர். உச்சிவெயிலில் ஒரு வெள்ளைக்காரர் ஊஞ்சல்வலையில் தூங்கினார். இன்னும் இரண்டு பேர் வெறுங்காலோடு, ஆள் உயரப் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீர் சொட்டச் சொட்டப் படியேறி வந்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் என்று தெரிந்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இந்த இடத்துக்காகவா என்று பிரம்மநாயகி பார்த்தாள். கோபப்பட முடியவில்லை. காற்று நன்றாகத்தான் இருந்தது. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

தேவசிகாமணி ஓடிவந்து சிவசண்முகத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் உவரிக்காரன் அண்ணாச்சி. நம்ம பக்கத்து ஆளுன்னு உங்க பிள்ள என் கடையிலதான் கிடப்பான். சாயங்காலம் பலகையோட போனான். பலகை கரைக்கு வந்திட்டு. அவன் வரல. பெறவுதான் உடம்பு கரை ஒதுங்கிச்சு."

அந்தப் பலகை கடைச் சுவரில் சாத்தி வைத்திருந்தது. நுனியில் குறுக்காக மூன்று வெள்ளைக் கோடுகள் தீட்டியிருந்தன.

"அழகுக்குன்னுதான் வெள்ளைக்காரனுக நினைச்சிட்டிருந்தானுக" என்றார் தேவசிகாமணி. "நான் கேட்டேன். திருநீறு அண்ணாச்சி, எங்க அப்பா பூசாம வெளிய இறங்க மாட்டாருன்னான்."

சிவசண்முகம் கையைத் தூக்கினார். பலகையைத் தொடாமலே இறக்கிக்கொண்டார்.

கடைக்குப் பின்னால் ஒரு குட்டைத் தென்னை. அதில் உறிகட்டி, சிவப்புத் துணியால் வாய்கட்டிய மண்கலசம் தொங்கியது. தேவசிகாமணி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"எங்க கிறிஸ்தவ வேதத்துல இந்த முறை கிடையாதும்மா. வீட்டுக்குள்ள வைக்கக் கூடாதுன்னு இங்கன உள்ளவங்க சொன்னாங்க. அதான்."

பிரம்மநாயகி கலசத்துக்குக் கீழே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஒரு வாரமாக வந்து வந்து வற்றிப்போயிருந்தது. தரையில் ஒரு அகல் விளக்கு இருப்பதை அப்போதுதான் பார்த்தாள். திரி எரிந்த கரி புதிதாக இருந்தது. முறை தெரியாத மனிதர் விளக்கு மட்டும் எப்படி ஏற்றினார் என்று அவளுக்குத் தோன்றியது.

சிவசண்முகம் பெஞ்சில் உட்கார்ந்து, "கரைக்கதுக்கு ஆள் இருக்கா கீழ?" என்று கேட்டார்.

"இருக்காரு அண்ணாச்சி." தேவசிகாமணி திரும்பிப் போகப் பார்த்தார். பிறகு அடக்க முடியாமல் கேட்டுவிட்டார். "கோவிச்சுக்கிடாதீய. நீங்க அன்னைக்கு ஒரு எட்டு வந்திருக்கலாம்லா?"

"என்னைக்கு?"

"ஆடி அமாவாசைக்கு."

தேவசிகாமணி பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

"அரைக்கால் சட்டையைத் தவிர வேற ஒண்ணைப் போட்டு நான் அவனைப் பாத்ததில்ல. அன்னைக்கு முடிவெட்டி, வேட்டி கட்டி, நெத்தி நிறைய திருநீறு பூசிட்டு வந்து நிக்கான். கூட்டத்துல அப்பாவுக்கு இடம் கிடைக்காதுன்னு விடியுமுன்ன போய் அந்தா அந்தப் பாறையில துண்டை விரிச்சுப் போட்டான். ஒவ்வொரு ஆட்டோ வரும்போதும் மேட்டுக்கு ஓடிவந்து பாப்பான். என்கிட்ட மூணு இலைக்குச் சொல்லிவச்சிருந்தான், அமாவாசைச் சமையல். மத்தியானம் தாண்டிட்டு. நாளு சரிதானான்னு கேட்டேன். பாபநாசத்துக்கு வரச் சொல்லியிருக்கு, எங்க அப்பா சொன்ன இடம் தவற மாட்டாரு, வந்திருவாருன்னான்."

சிவசண்முகம் அந்தப் பாறையைத் திரும்பிப் பார்த்தார்.

"தவறலையே" என்றார். "நான் தவறலையே, தேவசிகாமணி. நானும் பாபநாசத்துலதான் நின்னேன்."

தேவசிகாமணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். உவரிக்காரருக்கும் மலையடிவாரத்துப் பாபநாசம் தெரியும். இத்தனை நாளில் இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்கும் தோன்றவில்லை.

சித்ரலேகா அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"அவன் இங்கனன்னு சொன்னான்ப்பா. நான்தான் சரியா கேக்கல. இங்கனன்னு சொன்னான்."

"நீ என்னம்மா செய்வ?" அவள் தலையில் கையை வைத்தார். "யாரு கேட்டிருந்தாலும் அங்கனதான் போய் நின்னிருப்பாங்க. பாபநாசம்னா நமக்கு ஒண்ணுதான."

பிரம்மநாயகி எழுந்து வந்தாள். அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லுவாள் என்று சித்ரலேகா எதிர்பார்த்தாள். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒருத்தருக்காக ஒருத்தர் காத்துக் கிடந்திருக்கீய. மறுநாளு ஒரு போன் போட்டுக் கேக்க ரெண்டு பேருக்கும் மனசு வரல. அவனுக்கும் உங்க ரத்தம்தான. நான் போட்டுக் கேட்டிருப்பேன். பேரை எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீய. நானும் கேட்டுக்கிட்டேன். எனக்கும் வேணும்."



கலசத்தை இறக்கி சிவசண்முகத்தின் கையில் கொடுத்தார்கள். படியிறங்கி மணலுக்கு வந்தார்கள். கரைக்க வைக்கிறவர் வாழையிலையும் எள்ளும் பூவும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் இரண்டு மூன்று பேர் பலகைமேல் குப்புறப் படுத்து அலைக்காகக் காத்துக் கிடந்தார்கள். அலை வந்ததும் ஒருவன் எழுந்து நின்றான். கையை விரித்து, முழங்காலை மடக்கி, கரை வரைக்கும் வந்தான். சிவசண்முகம் நின்று அதைப் பார்த்தார். பலகை விளையாட்டு, பலகை விளையாட்டு என்று இரண்டு வருஷமாகத் திட்டினாரே, அதை அவர் பார்ப்பது இதுதான் முதல்முறை.

"இப்படித்தான் வருவானா?" என்று கேட்டார்.

"இதைவிட நல்லா வருவான் அண்ணாச்சி."

அவர் அந்தப் பாறைக்குப் போய், கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரைக்க வைக்கிறவர் கூப்பிட்டார். சித்ரலேகா கூப்பிட்டாள். வெயில் இறங்கும் வரை அவர் எழுந்திருக்கவே இல்லை. பிரம்மநாயகி மட்டும் கூப்பிடாமல், பக்கத்து மணலில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள்.

அப்புறம் அவர் குனிந்து, கலசத்தின் துணியை ஒரு கையால் தடவிக்கொடுத்தார்.

"வா லே. நம்ம பாபநாசத்துக்குப் போவோம்."

இவ்வளவு நேரமும் வராத அழுகை பிரம்மநாயகிக்கு அப்போது வந்தது. அழுதுகொண்டே மஞ்சள் துண்டை எடுத்து விரித்தாள். இரண்டு பேருமாகக் கலசத்தை அதில் வைத்துக் கட்டினார்கள்.

மேட்டுக்கு ஏறி வந்தபோது தென்னைக்குக் கீழே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். வெள்ளைச் சேலை, கையில் சின்ன எண்ணெய்ப் பாட்டில். வெறும் உறியைப் பார்த்துத் திகைத்துப்போய், "அண்ணாச்சி, அவங்களை எங்க?" என்று தேவசிகாமணியைக் கேட்டாள். கேட்டுத் திரும்பியவள் இவர்களைக் கண்டதும் இரண்டடி பின்னால் போனாள்.

மூன்று இலை என்று தேவசிகாமணி சொன்னது பிரம்மநாயகியின் மனதில் அப்போதே தைத்திருந்தது. அப்பாவுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று.

"மூணாவது இலை யாருக்குன்னு சொல்லலையே நீங்க" என்றாள்.

தேவசிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"செல்லக்கிளிக்கும்மா. மாஞ்சோலை எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கிற வீட்டுப் பொண்ணு. இங்கன ஆஸ்பத்திரியில நர்ஸு. அன்னைக்கு அப்பாகிட்ட பேசணும்னு அவன் சொன்னது இதைத்தான். தினமும் விளக்கு வைக்கது அவதான்."

சிவசண்முகத்தின் முகத்தில் ஒரு நிமிஷம் பழைய தாலுகா ஆபீஸ் கடுமை வந்து போனது. கலியாணம் இல்லை, காட்சி இல்லை. இவளை என்னவென்று சொல்லி வீட்டுக்குள் விடுவது? ஊர் கேட்டால் என்ன பதில்? எல்லாம் அவர் கண்ணில் ஓடியது. ஆனால் கையில் மகன் இருந்தான்.

"அன்னைக்கு நீயும் இருந்தியாம்மா?" என்று பிரம்மநாயகி கேட்டாள்.

"இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"கடைசிப் பஸ் போற வரைக்கும். வந்திருவாங்க, வந்திருவாங்கன்னு சொல்லிட்டே இருந்தாங்க. பெறவு என்னைப் பாத்துச் சிரிச்சாங்க. எங்க அப்பாவுக்கு நான் வேண்டாம் போலன்னு சொன்னாங்க."

சிவசண்முகம் சட்டென்று கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வார்த்தையோடுதான் மகன் இந்த மூன்று மாதமும் இருந்திருக்கிறான். அதோடுதான் போயிருக்கிறான்.

ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. பிரம்மநாயகி செல்லக்கிளியின் பக்கத்தில் போய், ஒரு குழந்தைக்குச் சொல்லுவதுபோல் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"நாளைக் கழிச்சு காலையில அவனை ஆத்துல விடப் போறோம். பாபநாசத்துல. இந்தப் பாபநாசம் இல்லம்மா. அம்பாசமுத்திரம் தாண்டி, மலைக்குக் கீழ, கோயில் படித்துறை. கேட்டியா? இங்கன இல்ல. அங்கன."

"தெரியும்மா" என்றாள் செல்லக்கிளி. "எங்க மலைக்குக் கீழதான."

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. குனிந்து அகல் விளக்கை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த சிவசண்முகம் மடியில் கலசத்தைச் சரியாக வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவகிட்ட சொல்லு, பிரம்மநாயகி. எந்நேரம் ஆனாலும் படித்துறையில நான் நிப்பேன்னு சொல்லு."